கோணக்கரைப்பட்டிக்காரர்கள் தோட்டா அளவு பார்த்த கதை

அறிவைப் பங்கு வைத்த நாளில் கோணக்கரைப்பட்டிக்காரர்கள் தூங்கிப்போய்விட்டார்கள் என்று அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் சொல்லுவார்கள். சுத்தப் பொய். அன்று அவர்கள் விழித்துத்தான் இருந்தார்கள். பங்கு வாங்கக் கூடையோடு போவதா, சாக்கோடு போவதா என்று கூட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். முடிவெடுத்து ஆள் அனுப்பியபோது அங்கே கடையைக் கட்டிவிட்டார்கள்.

அந்த ஊரில் பெத்தணன் என்று ஒரு ஆட்டுக்காரன் இருந்தான். செம்மறி வைத்திருந்தான். பகலெல்லாம் தரிசில் மேய்ப்பான். பொழுது சாய்ந்ததும் யாராவது ஒரு சம்சாரியின் வயலில் படல்களை வட்டமாக நிறுத்தி, ஆடுகளை உள்ளே அடைப்பான். இதற்குக் கிடை போடுவது என்று பெயர். ஆடு போடுகிற புழுக்கை வயலுக்கு எரு. அதற்குக் கூலியாகச் சம்சாரி தவசம் அளப்பார். கிடை நிறைந்தால் பானை நிறையும். பெத்தணனுக்குத் தெரிந்த பொருளாதாரம் அவ்வளவுதான். ஊர்ப் பெரிய மனிதர்களுக்கு அதுவும் தெரியாது.

ஒருநாள் விடிகாலையில் படலில் ஓட்டை விழுந்திருந்தது. ஒரு பெட்டை ஆட்டைக் காணோம். பெத்தணன் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தபோது ஓடைப் பக்கமாக ஒரு வால் போய்க்கொண்டிருந்தது.

வீட்டுக்கு ஓடிவந்து பெண்டாட்டி செவனம்மாவிடம் சொன்னான்.

“வாலு போச்சா? வாலுக்கு முன்னாடி என்னய்யா போச்சு?”

“அதைப் பாக்க முடியலை புள்ள. வாலு மறைச்சிருச்சு.”

செவனம்மா அடுப்பங்கரையிலிருந்து எழுந்து வந்தாள். “இந்தா பாரு. எங்க அண்ணன் என்னைக் கிடைக்காரனுக்குத்தான் கட்டிக் குடுத்துச்சு. கிடை எப்பவும் நெறஞ்சு இருக்கணும். என்னைக்கு அது வெறுங்கிடையா நிக்குதோ, அன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள நான் அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன். நீ படலைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுக் கெட.”

அவள் சொன்னதைச் செய்கிறவள். முன்பு ஒரு சண்டையில், “ஒரு வார்த்தை பேச மாட்டேன்” என்று சொல்லிவிட்டு, கூரையில் தீப்பிடித்தபோதுகூட வாயைத் திறக்காமல் அவன் தோளைத் தட்டி விரலால் காட்டினவள்.

அவன் நேரே பட்டாமணியம் ராக்கப்பனிடம் போனான். ஊருக்குப் பட்டாமணியம்தான் எல்லாம். ஊரில் அதிக நிலம் வைத்திருந்ததால் அதிக அறிவும் அவரிடமே இருக்கும் என்று ஊர் நம்பியது, அவரும் நம்பினார். செய்தியைக் கேட்டதும் மீசையைத் தடவிக்கொண்டு, “வேட்டைக் கமிட்டி போட்டுருவோம்” என்றார்.

கமிட்டியில் அவரோடு இன்னும் இருவர். ஒருவர் பட்டாளத்து மலையரசு. பட்டாளத்தில் இருந்த காலமெல்லாம், துப்பாக்கி சுடுகிறவர்களுக்கு உருளைக்கிழங்கு உரித்துக்கொடுத்தவர். மற்றவர்கள் அந்த அளவுக்குக்கூடத் துப்பாக்கிக்குப் பக்கத்தில் போனதில்லை. ஆகையால் துப்பாக்கி விஷயத்தில் அவரே நிபுணர். நாட்டில் பாதி நிபுணர்கள் இப்படி வந்தவர்கள்தாம்.

இன்னொருவர் தீர்மானம் நல்லமணி. மழை பெய்யாவிட்டால் மழையைக் கண்டித்து ஒரு தீர்மானம் எழுதுவார். பெய்தால் பாராட்டி ஒன்று எழுதுவார். வேறு வேலை எதுவும் செய்து யாரும் பார்த்ததில்லை.

களத்துமேட்டில் கூட்டம் கூடியது. பெத்தணனை நடுவில் நிறுத்தினார்கள்.

“வந்தது ஓநாயா, நரியா?” என்றார் பட்டாமணியம்.

“வாலைத்தான் பாத்தேன் எசமான்.”

“அது ஓநாய் வாலா, நரி வாலா?”

“போற வாலு எசமான்.”

நல்லமணி ‘போகிற வால்’ என்று குறித்துக்கொண்டார்.

“ஓநாய்தான்,” என்றார் பட்டாமணியம். “நான் பட்டாமணியமா இருக்கற ஊர்ல நரி வந்து ஆடு தூக்குதுன்னு வெளிய சொன்னா, எவன் என்னை மதிப்பான்? ஒரு ஓநாயாவது வந்தாத்தான் எனக்குக் கௌரவம்.”

“நரின்னே வச்சுக்குவோம் பட்டாமணியாரே,” என்றார் நல்லமணி. “நரிக்கு ஒரு தீர்மானம் போதும். ஓநாய்க்கு நாலஞ்சு எழுதணும். மைக்கூட்டுல மை கம்மியா இருக்கு.”

“எதுவா இருந்தா என்ன எசமான்? அதை வெரட்டிவிட்டாப் போதுமே,” என்றான் பெத்தணன்.

மூவரும் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

“எதுன்னு தெரியாம எப்படிடா வெரட்டுவே? நரியை வெரட்டுறேன்னு ஓநாயை வெரட்டிப்புட்டா, நரிக்கு யாரு பதில் சொல்றது?” என்றார் பட்டாளத்தார்.

பெத்தணன் யோசித்தான். நியாயமாகத்தான் பட்டது. தன்னை விடப் பெரிய ஆள் சொல்வதெல்லாம் நியாயமாகவே படுகிற வியாதி அவனுக்கு உண்டு. அந்த ஊருக்கே உண்டு.

ஊர்ப் பொதுவில் ஒரு ரைபிள் வாங்குவது என்று தீர்மானமாயிற்று. நால்வரும் டவுனுக்குப் பஸ் ஏறினார்கள்.

துப்பாக்கிக் கடை வைத்திருந்தவர் காதர் மைதீன் பாய். பொறுமைசாலி. அன்றுவரை.

“எதைச் சுடறதுக்கு?” என்று கேட்டார்.

“வாலை,” என்றான் பெத்தணன்.

பாய் இரண்டு தோட்டாக்களை எடுத்து மேஜைமேல் நிறுத்தினார். ஒன்று கொத்தவரங்காய் கனம். இன்னொன்று வெண்டைக்காய் கனம்.

“குழல் வாய் சின்னதுன்னா இந்தத் தோட்டா. நரிக்கு இது போதும். மெல்ல உதைக்கும், தோலையும் கிழிக்காது. ஆனா காத்தடிச்சா வெலகிப் போயிரும். குழல் வாய் பெருசுன்னா இது. தூரத்துல நிக்கற ஓநாயைக்கூடப் போய் அடிச்சுரும். ஆனா சுடறவன் தோளைக் கழுதை மாதிரி உதைக்கும். பெருசை எடுத்து நரியைச் சுட்டீங்கன்னா மூக்கும் வாலும்தான் மிஞ்சும். சின்னதை எடுத்து ஓநாயைச் சுட்டீங்கன்னா, அது திரும்பிப் பாத்து ‘யாரு?’ன்னு கேக்கும்.”

“கேட்டா யார் பேரைச் சொல்றது?” என்றார் நல்லமணி.

பாய் இரண்டு தோட்டாக்களையும் எடுத்து உள்ளே வைத்தார். “மொதல்ல மிருகத்தை அளந்துட்டு வாங்க. அதுக்கப்புறம் தோட்டாவைப் பத்திப் பேசலாம்.”

அளந்துவிட்டு வா என்றால் அளக்க வேண்டியதுதானே. ஊருக்குத் திரும்பியதும் ஒரு நூல்கயிற்றில் சாணுக்கு ஒரு முடிச்சாகப் போட்டுப் பெத்தணன் கையில் கொடுத்தார்கள்.

“மூக்குல இருந்து வால் நுனிவரைக்கும் ஒரு அளவு. வயித்தைச் சுத்தி ஒரு அளவு,” என்றார் பட்டாளத்தார். “அளந்து முடியறவரைக்கும் அது ஓடிரக் கூடாது. நாயைக் கட்டிப் போடு, கொலைச்சா பயந்துரும். கம்பைக் கண்டாலும் பயப்படும், தூரப் போடு. மொகத்தைச் சிரிச்ச மாதிரி வச்சுக்க.”

பெத்தணன் அப்படியே செய்தான். மறுநாள் விடிகாலையில் அது வந்தது. சாம்பல் நிறத்தில், நெஞ்செலும்பு தெரிய, கன்றுக்குட்டி உயரம். பெத்தணன் சிரித்த முகத்தோடு கயிற்றை எடுத்துக்கொண்டு போனான்.

“ஒரு நிமிசம் நில்லு சாமி. மூக்கை மட்டும் காட்டு.”

அது மூக்கைக் காட்டியது. கூடவே பல்லையும் காட்டியது. பெத்தணன் கயிற்றின் ஒரு நுனியை நீட்டினான். அது ஆட்டையும் தூக்கிக்கொண்டு, கயிற்றையும் கவ்விக்கொண்டு போய்விட்டது.

“கயித்தை ஏன் எடுத்துட்டுப் போச்சு?” என்றார் பட்டாமணியம்.

“வீட்டுல வச்சு நிதானமா அளந்துக்கும் போல எசமான்.”

இரண்டு நாள் காத்துப் பார்த்தார்கள். அளவு வரவில்லை. ஆடுதான் போயிற்று. அப்போது பட்டாளத்தாருக்குப் பொறி தட்டியது.

“அது எது வழியா உள்ள வந்துச்சு?”

“படல் ஓட்டை வழியா.”

“அப்ப அந்த ஓட்டை எவ்வளவு பெருசோ, மிருகமும் அவ்வளவு பெருசு. ஓட்டையைக் கொண்டுபோய்ப் பாய்கிட்டக் காட்டுனாச் சோலி முடிஞ்சது.”

கூட்டம் கைதட்டியது. ஓட்டைக்குச் சேதம் வராமல், அதைச் சுற்றி ஒரு முழம் தள்ளி அரிவாளால் படலை அறுத்தெடுத்தார்கள். பெத்தணன் அதைத் தலையில் வைத்துக்கொண்டு புறப்பட்டபோது செவனம்மா எதிரே வந்தாள்.

“என்னய்யா அது?”

“ஓட்டை. டவுனுக்கு எடுத்துட்டுப் போறோம்.”

அவள் கிடையைப் பார்த்தாள். படல் ஒரு மாட்டு வண்டி போகிற அளவுக்குத் திறந்து கிடந்தது. “அப்ப இது?”

“இது ஓட்டை இருந்த எடம். ஓட்டையைத்தான் எடுத்தாச்சே, இனிமே அது எப்படி உள்ள வரும்?”

செவனம்மாவுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. அவளும் அந்த ஊர்க்காரிதானே.

பஸ்ஸில் கண்டக்டர் படலுக்குச் சுமைக்கூலி டிக்கெட் கேட்டான். “படலுக்குத் தர்றோம். நடுவுல இருக்கற ஓட்டைக்குத் தர மாட்டோம்,” என்று நல்லமணி ஒரே பிடியாக நின்றார். சண்டை டவுன் வரைக்கும் போயிற்று. கடைசியில் கண்டக்டர் அழுகிற குரலில், “எறங்கித் தொலைங்கய்யா” என்றான். நல்லமணி அதை மக்கள் சக்தியின் வெற்றி என்று எழுதிக்கொண்டார்.

பாய் ஓட்டையைப் பார்த்தார். ஓட்டை வழியாகத் தெரிந்த நாலு முகங்களையும் பார்த்தார்.

“இந்த வாய் அகலத்துக்குக் குழல் வேணும்னா பீரங்கிதான் வாங்கணும்.”

“பீரங்கி நரிக்கா, ஓநாய்க்கா?” என்றார் பட்டாளத்தார்.

“கோட்டைக்கு.”

பட்டாமணியத்துக்கு உள்ளூர ஆசைதான். ஆனால் பீரங்கியைப் பஸ்ஸில் ஏற்ற விடுவார்களா என்று சந்தேகம். பாய் கையெடுத்துக் கும்பிட்டார். “பெருசா, சின்னதா? ஊருக்குப் போயி ஒரு முடிவு பண்ணிட்டு வாங்க. ஓட்டையை இங்க விட்டுட்டுப் போக வேண்டாம்.”

அவர்கள் திரும்புவதற்குள், ஓட்டை இருந்த இடத்தின் வழியாக ஓநாய் குடும்பத்தோடு வந்து போயிருந்தது.

ஊர் இரண்டாகப் பிரிந்தது. பட்டாமணியம் பெரிய வாய்க் கட்சி. நல்லமணி சின்ன வாய்க் கட்சி. பெத்தணனின் ஆட்டைப் பற்றிக் கவலைப்படாதவர்கள்கூட வாயின் அளவைப் பற்றிக் கவலைப்பட்டார்கள். அண்ணன் தம்பி பேச்சு நின்றது. பெரிய வாய்க் கட்சிக்காரர்கள் சின்ன வாய்க் கட்சிக்காரர்களுக்குக் கிணற்றில் தண்ணீர் மொள்ள வாளி தர மறுத்தார்கள். எந்தப் பக்கத்திலும் ஒருவனுக்காவது துப்பாக்கியின் எந்த முனையில் குண்டு வரும் என்று நிச்சயமாகத் தெரியாது. தெரிந்திருந்தால் இவ்வளவு ஆவேசமாகப் பேசியிருக்க மாட்டார்கள்.

“காத்தடிச்சா வெலகிப்போற தோட்டாவை வச்சு என்ன செய்ய?” என்றார் பட்டாமணியம்.

“காத்தைக் கண்டிச்சுத் தீர்மானம் போட்டுருவோம்,” என்றார் நல்லமணி. “பெரிய தோட்டா கழுதை மாதிரி உதைக்கும்னு பாய் சொன்னாரே, அதுக்கு என்ன சொல்றீங்க?”

“என் தோள் உதை தாங்கும்.”

“சுடப் போறது பட்டாளத்தார்.”

“அவரு தோளும் தாங்கும். நான் சொல்றேன்.”

பெத்தணன் மெதுவாக நடுவில் வந்தான். “எசமான், ஆடு போய்க்கிட்டே இருக்கு.”

“ஆடு போறதா முக்கியம்? நாளைக்கு நம்ம சந்ததி, எந்த அளவுல சுட்டாங்கன்னு கேட்டா நீயா பதில் சொல்லுவே?” என்றார் பட்டாமணியம்.

சந்ததியை நினைத்துப் பெத்தணனுக்கு வெட்கமாக இருந்தது.

கடைசியில் மிருகமே சொல்லட்டும் என்று முடிவாயிற்று. கிடையின் ஒரு மூலையில் ஒரு குட்டியைக் கட்டினார்கள். எதிர் மூலையில் ஒரு கிடாயைக் கட்டினார்கள். வந்தது நரி என்றால் குட்டியைத் தூக்கும். சின்ன வாய்க் கட்சிக்கு வெற்றி. ஓநாய் என்றால் கிடாயைத் தூக்கும். பெரிய வாய்க் கட்சிக்கு வெற்றி. பெத்தணன் அந்த மிருகத்தைக் கண்ணாரப் பார்த்தவன், கன்றுக்குட்டி உயரம் என்றும் சொன்னான். ஒரு தனி ஆளின் அபிப்பிராயத்தை ஊர் முடிவாக எடுத்துக்கொள்ள முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

விடிந்து பார்த்தபோது இரண்டையும் காணோம்.

“சமம்,” என்று அறிவித்தார் நல்லமணி. “மறுபடியும் நடத்தணும்.”

மறுபடி நடத்தினார்கள். மறுபடியும் சமம். தினமும் காலையில் தமுக்கடித்து முடிவைச் சொன்னார்கள். ஓநாய்க்கு அந்தத் தமுக்குச் சத்தம் பழகிப்போய், கேட்டதும் ஓடைக்கரையில் உட்கார்ந்து ஏப்பம் விட்டது. பெத்தணன் இரண்டு கட்சிக்கும் கைதட்டினான். கிடையில் மிச்சமிருந்த ஆடுகள் நெருக்கமில்லாமல் வசதியாக நின்றன.

செவனம்மா சட்டிபானைகளை வெளியே எடுத்துவைத்துத் துலக்க ஆரம்பித்தாள்.

“எதுக்கு புள்ள?”

“அண்ணன் வீட்டுக்கு அழுக்கோடயா கொண்டுபோவேன்?”

அதைக் கேட்டுப் பெத்தணன் ஓடிப்போய்க் களத்துமேட்டில் கமிட்டி முன்னால் விழுந்து புரண்டான். சின்னதும் வேண்டாம், பெரியதும் வேண்டாம், நடுவாந்தரமாக ஒன்று வாங்கிவிடுவோம் என்று கமிட்டி இறங்கிவந்தது. பாய் ஒரு நடுத்தர ரைபிளையும் ஒரு டப்பாத் தோட்டாவையும் கொடுத்தார். அவர்கள் மறுபடி வரக்கூடாதே என்ற ஒரே எண்ணத்தில் இரண்டு விஷயங்களை நிறுத்தி நிதானமாகச் சொன்னார்.

“சுடும்போது மூச்சை அடக்கிக்கணும். அப்புறம், நேரா போயி மிருகத்தைச் சுட்டுராதீங்க. மிருகம் பருமன்ல எதையாவது நிறுத்தி, அது நிக்கற தூரத்துல வச்சு, குறி சரியா இருக்கான்னு மொதல்ல சுட்டுப் பாத்துக்கங்க.”

ஊர் வந்ததும் ஒத்திகை தொடங்கியது. மிருகம் பருமனில் எதை நிறுத்துவது?

“வைக்கோலை அடைச்சுச் சாக்குப் பொம்மை செய்யலாம்,” என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள்.

“பொம்மையைச் சுட்டுப் பழகுனா, பொம்மை வந்தாத்தான் சுட வரும்,” என்றார் பட்டாளத்தார். “நாலு கால் வேணும். உசிர் வேணும். ஓநாய் பருமன்ல வேணும்.”

எல்லோரும் திரும்பிப் பெத்தணனின் ஆடுகளைப் பார்த்தார்கள். பெத்தணனும் பார்த்தான். தன் ஆடுகள் ஊருக்கு இவ்வளவு உபயோகமானவை என்பதில் அவனுக்கு ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது.

ஒரு ஆட்டை வரப்போரம் கட்டினார்கள். பட்டாளத்தார் துப்பாக்கியைத் தோளில் சாய்த்தார். “எல்லாரும் மூச்சை அடக்குங்க!” என்றார் பட்டாமணியம். ஊரே மூச்சை அடக்கியது. பட்டாளத்தார் ஒற்றைக் கண்ணை மூடினார். எந்தக் கண்ணை மூட வேண்டும் என்று சந்தேகம் வந்து, மாற்றி மூடினார். பிறகு இரண்டையும் மூடி யோசித்தார். அதற்குள் நல்லமணி நீலம் பாய்ந்து மல்லாந்து விழுந்தார். அவரைத் தொடர்ந்து முன்வரிசை முழுவதும் விழுந்தது. துப்பாக்கி வெடித்தபோது கேட்பதற்கு ஆளில்லை. குண்டு, கூட்டத்துக்கு வைத்திருந்த நீர்மோர்ப் பானையை உடைத்தது. பட்டாளத்தார் எருக்குழியில் கிடந்தார்.

ஆடு புல் தின்றுகொண்டிருந்தது.

“குறி சரியில்லை,” என்றார் பட்டாமணியம் மூச்சு வாங்கிக்கொண்டு. “சரியாகற வரைக்கும் சுடணும்.”

மறுநாளிலிருந்து குறி கொஞ்சம் கொஞ்சமாகச் சரியாயிற்று. ஆடு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. ஓநாய் வரப்பின்மேல் முன்னங்கால்களை நீட்டி உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது. ஒருதடவை அது எழுந்து ரொம்பப் பக்கத்தில் வந்துவிட, பட்டாமணியத்துக்குக் கோபம் வந்துவிட்டது.

“சூ! அங்கிட்டுப் போ! ஒத்திகை நடக்கறது கண்ணுக்குத் தெரியலை? முடிஞ்சதும் சொல்லி அனுப்பறோம்.”

சுட்ட ஆடுகளைக் கமிட்டி குழம்பு வைத்துச் சாப்பிட்டது. பொதுக்காரியத்துக்காக உழைக்கிறவர்களுக்குத் தெம்பு வேண்டாமா? ஆட்டுக்குச் சொந்தக்காரன் என்ற முறையில் பெத்தணனுக்கு எலும்பில் முதல் மரியாதை செய்தார்கள்.

குறி முற்றிலும் சரியாகிவிட்டது என்று பட்டாளத்தார் அறிவித்த அன்று, கிடையில் ஒற்றைக் கிடாய் நின்றது.

செவனம்மா மூட்டையைக் கட்டித் தலைமேல் வைத்துவிட்டாள். “இன்னும் ஒண்ணு நிக்குது, அதனால நானும் நிக்கறேன்,” என்று வாசலிலேயே நின்றாள். மூட்டையை இறக்கவில்லை.

பெத்தணன் கமிட்டியின் காலில் விழுந்தான். “எசமான், இந்த ஒரு கிடாயை மட்டும் காப்பாத்திக் குடுங்க. நாளைக்குப் பொழுது விடியறப்ப கிடை வெறுசா இருந்தா என் குடும்பம் கலைஞ்சுரும்.”

பட்டாமணியத்துக்கே மனம் இளகிவிட்டது. கமிட்டி உட்கார்ந்து ஆழ்ந்து யோசித்தது.

“ஓநாய் எதுக்குப் பயப்படும்?” என்றார் பட்டாளத்தார்.

“துப்பாக்கிக்கு,” என்றார் நல்லமணி.

“துப்பாக்கி எங்க இருந்தா அது அங்க வராது?”

“துப்பாக்கி இருக்கற எடத்துக்கு.”

“கிடாய் எங்க இருந்தாப் பத்திரம்?”

மூவரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றார்கள். அந்த ஊர் வரலாற்றில் கருத்து வேறுபாடு இல்லாமல் எடுக்கப்பட்ட ஒரே முடிவு அதுதான். துப்பாக்கியைக் கிடாயின் முதுகில் வைத்து வயிற்றோடு சேர்த்து இறுக்கிக் கட்டினார்கள். தோட்டா டப்பாவைப் பத்திரமாகப் பட்டாமணியம் மடியில் கட்டிக்கொண்டார். பெத்தணன் அன்று நிம்மதியாகத் தூங்கினான்.

விடிகாலையில் ஓநாய் வந்தது. கிடாயைத் துப்பாக்கியோடு தூக்கிக்கொண்டு போயிற்று.

ஊர் நடுங்கிப்போயிற்று. ஆடு போனதற்காக அல்ல.

“இப்ப அதுகிட்ட துப்பாக்கி இருக்கு,” என்றார் பட்டாளத்தார்.

“குண்டு நம்மகிட்டல்ல இருக்கு?” என்றான் பெத்தணன்.

“டவுன்ல கெடைக்காதா?”

நால்வரும் அடித்துப் பிடித்து டவுனுக்கு ஓடினார்கள். காதர் மைதீன் பாய் அவர்களைக் கண்டதும் கடையைப் பூட்டப் பார்த்தார். அதற்குள் நால்வரும் உள்ளே நுழைந்துவிட்டார்கள்.

“பாய்,” என்றார் பட்டாமணியம், “சாம்பக் கலர்ல, நெஞ்செலும்பு தெரிய ஒரு ஓநாய் வந்து தோட்டா கேட்டா, இல்லைன்னு சொல்லிருங்க.”

பாய் பூட்டை மேஜைமேல் வைத்தார். “வந்தா எதைச் சுடன்னு கேப்பேன். நீங்க ஒரு நாளும் ஒழுங்காப் பதில் சொன்னதில்லை. அந்த ஓநாயாவது சொல்லும்.”

“என்னைத்தான் சொல்லும். ஊர்ல பெரிய ஆளு நான்தானே.”

பாய் அவரை மேலும் கீழும் பார்த்தார். “உங்களுக்குச் சின்னத் தோட்டா போதும்.”

பட்டாமணியத்தின் மீசை துடித்தது. ஊருக்குள் இறங்கியதும் கூட்டத்தைக் கூட்டினார்.

“என்னைச் சுடச் சின்னத் தோட்டாவாம்! நரியைச் சுடற தோட்டா! கேட்டீங்களா இந்த அநியாயத்தை? சுட்டா வெண்டைக்காய் கனத்துல சுடணும். அதுக்குக் கம்மியா ஒரு குண்டு இந்த ஒடம்புல எறங்காது!”

“சின்னதே எறங்கும் பட்டாமணியாரே,” என்றார் நல்லமணி கொள்கையை விட்டுக்கொடுக்காமல். “தோலும் கிழியாது. பாடையில வச்சாப் பாக்க லட்சணமா இருக்கும்.”

மறுபடி ஊர் இரண்டாகப் பிரிகிற நேரம். பட்டாளத்தார் எழுந்தார். “எந்த அளவா இருந்தாலும், பட்டா வலிக்கும்னு நினைக்கிறேன்.”

இந்தக் கோணத்தில் யாரும் யோசித்திருக்கவில்லை.

“எங்க போயி ஒளியறது?” என்றார் பட்டாமணியம். அவர் குரல் இப்போது கொத்தவரங்காய் கனத்துக்கு வந்திருந்தது.

நல்லமணி நெற்றியைத் தேய்த்தார். “பெத்தணா, இத்தனை நாளா ஓநாய் உன் கிடைக்குள்ள வந்து போகுது. என்னைக்காவது உள்ள இருந்து ஒரு மனுசனைத் தூக்கியிருக்கா?”

“இல்லைங்க. ஆட்டை மட்டும்தான்.”

“அப்ப மனுசனுக்கு அதைவிடப் பத்திரமான எடம் இந்த ஊர்ல ஏது?”

பொழுது சாய்கிற நேரத்தில் வேட்டைக் கமிட்டி முழுவதும், இரண்டு கட்சியிலும் முக்கியமானவர்களும், கைகளை ஊன்றிக் குனிந்து படலுக்குள் நுழைந்தார்கள். பெத்தணன் வழக்கம்போலக் கம்பால் ஒவ்வொரு முதுகையும் தொட்டு உள்ளே தள்ளினான். உள்ளே போனதும் சண்டை மூண்டது. கிடை நல்லமணியின் வயலில் நின்றிருந்தது.

“என் வயலுக்கு மாத்துடா கிடையை!” என்று கத்தினார் பட்டாமணியம். “நான் உள்ள இருக்கேன். என் எருவு அடுத்தவன் வயலுக்கா?”

செவனம்மா மூட்டையைச் சுமந்துகொண்டு கடைசியாக ஒருதரம் பார்த்துவிட்டுப் போக வந்தாள். படலுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். உள்ளே இம்மி இடம் இல்லை. மூட்டையை இறக்கினாள்.

“நெறஞ்சிருச்சேய்யா!”

“நெறஞ்சிருச்சு புள்ள,” என்றான் பெத்தணன் பெருமையாக. “என்ன, இதுக கொஞ்சம் கத்துதுக.”

“மொதல்ல அப்படித்தான் கத்தும். பழகிரும்.” அவள் மூட்டையை அவிழ்த்து ரோமம் வெட்டுகிற கத்தரியை எடுத்துக்கொண்டு உள்ளே இறங்கினாள். முன்னால் நின்ற உருப்படியின் மோவாயைப் பிடித்துத் தூக்கி, மீசையில் கத்தரியை வைத்தாள்.

பட்டாமணியம் ராக்கப்பன் கத்தரியைப் பார்த்தார். முகம் சிவந்தது.

“இது குட்டிக்கு வெட்டற கத்தரியில்ல? எனக்குப் பெருசு கொண்டா!”